கிசுகிசுவைக் கையில் வைத்துக்கொண்டு காதல் பாட்டைக் கேட்பது எப்படி?

ஒரு பச்சைக் கோட்டு என்னை நன்றாக ஏமாற்றியது. எனக்குப் பிடித்த பாடகி ஒருவர் புதிய ஆல்பம் வெளியிட்டிருந்தார். பெயர் வேண்டாம், தவறு என்னுடையது. அதில் ஒரு பாட்டின் இரண்டாவது சரணத்தில் மழை, தெருவிளக்கு, பச்சைக் கோட்டு என்று ஒரு காட்சி வரும். அந்தச் சமயத்தில் அவரையும் ஒரு நடிகரையும் சேர்த்துக் கிசுகிசு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நடிகர் பச்சைக் கோட்டுடன் காரிலிருந்து இறங்கும் புகைப்படமும் கிடைத்தது. வேறென்ன வேண்டும்? ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து தேதிவாரியாக அட்டவணை போட்டேன். வரிக்கு வரி பொழிப்புரை எழுதி, என்னைப் போலவே பைத்தியம் பிடித்த தோழிகள் ஏழு பேருக்கு அனுப்பினேன். பாராட்டு குவிந்தது.

மூன்று மாதம் கழித்து, அந்தப் பாட்டை உடன் எழுதியவர் ஒரு பேட்டியில் போகிற போக்கில் ஒன்று சொன்னார். பாட்டின் முதல் வடிவம் பதிவானபோது அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் சந்தித்தார்கள். பச்சை? மெட்டுக்கு அந்தச் சொல் ஒத்துவந்ததாம்.

பிழை திருத்துவது என் தொழில். அடுத்தவர் எழுத்தில் ஓர் ஒற்று விடுபட்டாலும் என் கண்ணுக்குத் தப்பாது. ஐந்து பக்க அட்டவணையில் இருந்த ஓட்டை மட்டும் எப்படித் தப்பியது என்று யோசித்தேன். நான் பாட்டைப் படிக்கவே இல்லை. கிசுகிசுவைப் படித்துவிட்டு, அதற்குச் சாட்சி தேடிப் பாட்டுக்குள் போயிருக்கிறேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அது இதுதான்.

அதற்காக இந்தப் பழக்கத்தை விட்டுவிடவில்லை. கிசுகிசு பக்கமே தலைவைத்துப் படுக்காமல் கலையை மட்டும் ரசிப்பவர்களிடம் எனக்குப் பொறாமை உண்டு, அவ்வளவு நம்பிக்கை கிடையாது. வேலை செய்யும் வரிசையைத்தான் மாற்றிக்கொண்டேன்.

முதலில் பாட்டு, பிறகு ஊர்வாய்

பாட்டை மூன்று முறை கேளுங்கள். அதுவரை யாருடைய பெயரையும் மனதில் கொண்டுவராதீர்கள். கஷ்டம்தான். அதனால் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து மனதுக்கு வேறு வேலை வைக்க வேண்டும். வரிகளைத் தாளில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். அச்செடுத்த தாள் போதாது. கை மெதுவாக ஓடும்போதுதான் கண் நிற்கும்.

எழுதிய பிறகு மூன்று கேள்விகள். பேசுவது யார்? யாரிடம்? எப்போது? எளிய கேள்விகளாகத் தோன்றும். ஆனால் தமிழ்க் காதோடு ஆங்கிலப் பாட்டைக் கேட்கும் நமக்கு இங்கேதான் முதல் வழுக்கல். ஆங்கிலத்தின் ‘யூ’வில் நீ, நீங்கள் இரண்டும் அடக்கம். ஒருவரா பலரா, ஆணா பெண்ணா என்று அது காட்டாது. நாம் கேட்கும்போதே மனதுக்குள் அதை ‘நீ’ ஆக்கி, ‘நீ’யை ஓர் ஆண் ஆக்கி, ஆணுக்கு முகமும் ஒட்டிவிடுகிறோம். பாடகி ஓர் எழுத்துகூடச் சொல்லாமல் மூன்று முடிவுகளை நாமே எடுத்து முடித்திருப்போம். நான் இப்போது ஒவ்வொரு ‘யூ’வுக்கும் கீழே ஒரு சின்னக் கோடு போட்டு, வரி எதை உறுதியாகச் சொல்கிறதோ அதை மட்டும் ஓரத்தில் எழுதுகிறேன். பெரும்பாலான பாட்டுகளில் ஓரம் வெள்ளையாகவே கிடக்கும்.

பேசுபவரும் பாடகியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டெய்லர் ஸ்விஃப்ட் 2020 ஜூலையில் வெளியிட்ட ‘ஃபோக்லோர்’ ஆல்பத்தில் மூன்று பாட்டுகள் ஒரே முக்கோணக் காதலை மூன்று பேர் வாயால் சொல்கின்றன. அதில் ஒன்றில் பேசுபவன் 17 வயதுப் பையன். அந்தப் பாட்டில் வரும் பெயர்கள் அவருடைய நண்பர் தம்பதியின் குழந்தைகளுடைய பெயர்கள். பெயரைப் பிடித்துவிட்டோம், ஆளைப் பிடித்துவிடுவோம் என்று கிளம்பினால் மழலையர் விளையாடும் அறையில் போய் நிற்போம்.

எழுதியவர் பட்டியலும் நாட்காட்டியும்

அடுத்து, பாட்டை எழுதியவர்கள் யார் யார் என்று பாருங்கள். ரசிகர்களில் பாதிப் பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான்கு பேர் சேர்ந்து எழுதிய பாட்டில் ஒரு வரி யாருடைய காதலிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது? தபலா வாசிப்பவரின் பழைய காதலியாகக்கூட இருக்கலாம்.

இதே ஆல்பத்தில் வில்லியம் பவரி என்ற, யாருக்கும் தெரியாத ஒருவர் பெயர் இரண்டு பாட்டுகளில் இருந்தது. அது பாடகியின் அப்போதைய காதலர், நடிகர் ஜோ ஆல்வின்தான் என்று ரசிகர்கள் சந்தேகித்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பாடகியே ஆமாம் என்றார். ரசிகர்களுக்கு வெற்றி. ஆனால் ஆல்வின் உடன் எழுதிய பாட்டுகளில் ஒன்று, பிரிந்துபோன இருவர் ஒருவரையொருவர் நொந்துகொள்ளும் பாட்டு. அதை நாட்குறிப்பாகப் படித்தால் 2020இல் காதல் முறிந்துவிட்டது என்று எழுதியிருப்போம். நடந்தது என்ன? காதலர்கள் ஒரே வீட்டில் உட்கார்ந்து பிரிவைப் பாட்டாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிரிந்ததாகச் செய்தி வந்தது 2023இல். சோகப் பாட்டு எழுதச் சோகம் கட்டாயம் என்றால் உலகத்தில் பாதிப் பாட்டு இருக்காது.

நாட்காட்டியைப் பொறுத்தவரை ஒரே விதி. எழுதிய நாள், பதிவு செய்த நாள், வெளியான நாள் மூன்றும் வேறு வேறு. கிசுகிசு எப்போதும் வெளியான நாளோடு ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் நமக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எழுதிய நாள் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தில் கேள்விக்குறி போட்டு விட்டுவிடுங்கள். என் பச்சைக் கோட்டு அட்டவணையில் கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. அதுவே ஒரு எச்சரிக்கை.

ஒரு பாட்டை நெருங்கிப் பார்ப்போம்

பழகுவதற்கு ஏற்ற பாட்டு அமெரிக்கப் பாடகி கார்லி சைமன் 1972 இறுதியில் வெளியிட்ட ‘யூ ஆர் ஸோ வெய்ன்’. தன் அழகில் தானே மயங்கிக் கிடக்கும் ஓர் ஆணைக் கிண்டல் செய்யும் பாட்டு. இந்தப் பாட்டே உன்னைப் பற்றியது என்று நினைத்துக்கொள்வாய் என்று அவனைப் பார்த்துப் பல்லவி சிரிக்கும். கேட்ட எல்லாரையும் யார் அந்த ஆள் என்று தேட வைத்துவிட்டு, தேடுவதையே கேலி செய்யும் பாட்டு அது. இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

முதல் சந்தேகம் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாடகர் மிக் ஜாகர் மேல் விழுந்தது, பின்னணியில் அவர் குரலே கேட்கிறதே என்று. தன்னைக் கேலி செய்யும் பாட்டுக்கு ஒருவர் தானே வந்து பின்பாட்டுப் பாடுவாரா என்று யோசித்திருக்கலாம். கிசுகிசு ஓடும் வேகத்தில் அதற்கெல்லாம் நேரம் இருப்பதில்லை.

அடுத்தது மூன்றாவது சரணம். அங்கே அந்த ஆள் சொந்த விமானத்தில் நோவா ஸ்கோஷியாவுக்குப் பறந்துபோய் முழுச் சூரிய கிரகணம் பார்க்கிறான். இடம் உண்டு, வானத்து நிகழ்ச்சி உண்டு, தேதியைக் கணக்குப் போட்டே பிடித்துவிடலாம் போலிருக்கும். நானும் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்த்தேன். பாட்டு வெளியாவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் அந்தப் பகுதியைக் கடந்த முழுக் கிரகணங்கள் இரண்டு. ஒன்று 1970 மார்ச் 7, இன்னொன்று 1972 ஜூலை 10. வானமே இரண்டு விடை தருகிறது. கிரகணம் பார்க்க யாருமே போகாமல், சொந்த விமானத்தில் போகிற அளவுக்குப் பகட்டான ஆள் என்று காட்ட மட்டும் அந்த வரி வந்திருக்கலாம் என்பது மூன்றாவது விடை.

இரண்டாவது சரணத்தின் முடிவில், காப்பியில் மேகங்கள் என்று ஒரு வரி வரும். எத்தனை பேர் இதற்கு ஏமாற்றம், கலங்கிய மனம் என்று உரை எழுதியிருப்பார்கள்! விமானப் பயணத்தில் பக்கத்தில் இருந்த இசைக்கலைஞர் நண்பர் ஒருவர், கார்லியின் காப்பியில் வெளியே இருந்த மேகம் பிரதிபலிப்பதைக் காட்டினார். அங்கிருந்து வந்த வரி அது. காதலனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாட்டின் மெட்டுக்கூட முதலில் வேறு தலைப்போடும் வேறு சொற்களோடும் கிடந்ததுதான்.

2003இல் ஓர் அறக்கொடை ஏலத்தில் இந்த ரகசியத்தையே ஏலம் விட்டார்கள். ஒரு தொலைக்காட்சி நிர்வாகி 50,000 டாலர் கொடுத்து, வெளியே சொல்ல மாட்டேன் என்ற நிபந்தனையோடு பெயரைக் கேட்டுக்கொண்டார். கடைசியில் 2015இல் கார்லியே வாய் திறந்தார். இரண்டாவது சரணம் மட்டும் நடிகர் வாரன் பீட்டியைப் பற்றியது, மற்ற சரணங்களில் வேறு இருவர் இருக்கிறார்கள் என்றார். 43 ஆண்டுகளாக உலகத்தில் பெரும்பாலோர் ஒரே ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சரணத்துக்கு ஓர் ஆள் என்று தேடியவர்கள் குறைவு.

அதனால் இப்போதெல்லாம் பாட்டை முழுதாக ஒருவர் தலையில் கட்டுவதில்லை. சரணம் சரணமாக வெட்டி வைக்கிறேன். ஒரு சரணம் பொருந்தினால் அந்தச் சரணம் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

வேம்பு யார் வைத்தது?

பாடகி வேண்டுமென்றே துப்பு வைப்பதும் உண்டு. அதை இல்லையென்று சொல்வது நேர்மையாகாது. டெய்லர் ஸ்விஃப்ட் 2006இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து 2014இல் வந்த ‘1989’ வரை, பாடல் வரிகள் அச்சிட்ட கையேட்டில் சில எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு வைப்பார். அவற்றைக் கூட்டினால் ஒரு செய்தி வரும். பெரிய எழுத்தே இல்லாத மொழிக்காரி நான். முதன்முறை அதைக் கூட்டிப் படித்தபோது புதையல் எடுத்த மாதிரி இருந்தது.

ஆனால் இந்த விளையாட்டு நமக்குப் புதிதா என்ன? அகப்பாட்டில் தலைவன் தலைவி பெயரைச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியமே விதி போட்டிருக்கிறது. ஊரார் வாயில் விழும் காதல் பேச்சுக்கு ‘அலர்’ என்று தனிப்பெயரே உண்டு, குறளில் அதற்கு ஓர் அதிகாரமும் உண்டு. நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனைப் பிரிந்து வாடும் அரசி, பாசறையில் உறங்காத அரசன், யாருக்கும் பெயர் இல்லை. முழுக்க அகம் என்றுதான் தோன்றும். ஆனால் ஓரிடத்தில் ஒரு வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம். அந்த ஒரு கொத்து வேம்பைப் பிடித்துக்கொண்டு, ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, ஆகவே இது புறம் என்று தீர்ப்புச் சொன்னார் நச்சினார்க்கினியர். இன்றைய ரசிகைகள் செய்வது அதே வேலை. உரைகாரருக்கு மட்டும் மரியாதை அதிகம்.

வேம்பைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, இதை வைத்தவர் யார் என்பது. கையேட்டில் அச்சிட்ட எழுத்தைப் பாடகி வைத்தார். வேலில் கட்டிய வேம்பைப் புலவர் வைத்தார். பச்சைக் கோட்டுப் புகைப்படத்தை வைத்தது யார்? காருக்கு வெளியே காத்துக்கிடந்த ஒரு புகைப்படக்காரர். அதைப் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தது நான். பாட்டுக்குள் இருப்பது, பாடகி பொதுவில் சொன்னது, மற்றவர்கள் சொன்னது என்று மூன்றையும் மூன்று நிறப் பென்சிலால் குறிப்பேன். நீலம், கறுப்பு, சிவப்பு. தாள் சிவந்து கிடந்தால் நான் எழுதியிருப்பது விளக்கம் இல்லை, கதை.

கறுப்புப் பென்சிலையும் முழுதாக நம்ப வேண்டாம். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 1977 ஆல்பத்துக்குப் பெயரே ‘வதந்திகள்’. அதைப் பதிவு செய்த நாட்களில் குழுவில் இருந்த இரண்டு ஜோடிகளும் பிரிந்துகொண்டிருந்தன. குழுவின் பாடகி கிறிஸ்டின் மெக்வி அதில் ஒரு குதூகலமான காதல் பாட்டு எழுதினார். குழுவின் ஒளியமைப்பாளரை நினைத்து எழுதியது. அதே குழுவில் இருந்த கணவர் ஜான் கேட்டபோது, அது என் நாயைப் பற்றிய பாட்டு என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் அதை நம்பி, அந்தப் பாட்டுக்கே பேஸ் கிதார் வாசித்தார். எழுதியவர் வாயிலிருந்தே வந்த விளக்கம்தான் அதுவும்!

பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கதை இதற்கு நேர்மாறு. ‘சம்திங்’ பாட்டை மனைவிக்காகவே எழுதியதாக அவர் சொன்னார் என்று அவருடைய அப்போதைய மனைவி எழுதினார். பிற்காலத்தில் ஹாரிசனோ, எழுதும்போது தன் மனதில் ஓடியது பியானோ வாசித்துப் பாடும் ரே சார்ல்ஸ் என்றார். முதல் வரி ஜேம்ஸ் டெய்லரின் 1968 பாட்டுத் தலைப்பிலிருந்து வந்தது. ஆக அந்தக் காதல் பாட்டில் மனைவி, ஒரு பியானோ மேதை, இன்னொருவரின் தலைப்பு மூன்றும் இருக்கின்றன. இதில் யார் பொய் சொன்னார் என்று நான் தேடுவதில்லை. மனைவியிடம் சொன்னதும் உண்மையாக இருக்கலாம்.

காதல் பாட்டு காதலைப் பற்றித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. விட்னி ஹூஸ்டன் 1992இல் பாடி உலகத்தை அழவைத்த ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’வை எழுதியவர் டாலி பார்ட்டன். எத்தனை காதல் முறிவுகளுக்கு அது துணையிருந்திருக்கும்! அவர் எழுதியது, தன்னைத் தொலைக்காட்சியில் அறிமுகப்படுத்தி ஏழு ஆண்டு கூடவே பாடிய போர்ட்டர் வேகனரிடமிருந்து தொழில்ரீதியாகப் பிரிவதற்கு. விலகல் கடிதம்தான் அது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டபோது எனக்குப் பாட்டு சுருங்கவில்லை. வாழ்த்திவிட்டு விலகும் அந்த வரிகளில் ஒரு தொழிலாளியின் மரியாதை கேட்டது.

எங்கே நிறுத்துவது

இதில் எனக்கு ஊசலாட்டமே இல்லை. பாடகி பாட்டு எழுதினார், விற்றார், பேசப்படுவதற்கு ஒப்புக்கொண்டார். கிசுகிசுவில் மாட்டிய மறுபக்கத்து ஆள் எதையும் எழுதவில்லை, விற்கவில்லை. அவருடைய வீடு, குடும்பம், அவர் யாரை விரும்புகிறார் என்று அவரே சொல்லாத விஷயம், இவை என் அட்டவணைக்குள் வராது. அவருடைய பழைய படங்களைத் தோண்டத் தொடங்கினேன் என்றால் பாட்டை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன் என்று அர்த்தம். தாளை மூடிவிடுவேன். நண்பர்களுக்கு எழுதும்போதும் ‘இவர்தான்’ என்று எழுதுவதில்லை. ‘இந்தச் சரணத்தை இப்படிப் படித்தால் இது பொருந்துகிறது’ என்று எழுதினால் போதும், அரட்டையின் சுவை ஒன்றும் குறைவதில்லை.

இத்தனையும் வகுத்துக்கொண்ட பிறகு, போன மாதம் அந்தப் பச்சைக் கோட்டுப் பாட்டை மறுபடி எடுத்தேன். கையால் எழுதினேன். ‘யூ’வின் கீழெல்லாம் கோடு போட்டேன். இரண்டாவது சரணத்தில் பென்சில் நின்றது. அங்கே இருக்கும் வரியைத் தமிழில் சொன்னால், ‘பச்சைக் கோட்டில், கொட்டும் மழையில், உன்னைப் பார்த்தேன்.’ கோட்டு யார் மேல் இருந்தது? வரி சொல்லவில்லை. அவன் மேல் போர்த்தியது நான். கடைசிச் சரணத்தில், இருபது முறைக்கு மேல் கேட்ட அதே சரணத்தில், அவள் தனியாக வீட்டுக்கு வந்து நனைந்த கோட்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டுகிறாள்.

கோட்டு அவளுடையது.

ஏழு பேருக்கும் திருத்தம் அனுப்பினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருத்தி ‘ஐயோ’ என்று மட்டும் எழுதியிருந்தாள். இன்னொருத்தி கேட்டாள்: அப்படியென்றால் புகைப்படத்தில் அந்த நடிகர் போட்டிருந்தது அவளிடம் இரவல் வாங்கிய கோட்டா?